இறங்கிய விலையும் ஏறிய யீல்டும்

மியூச்சுவல் ஃபண்டுகளின் கணக்கில் ரீட் (வாடகைக் கட்டடங்களை வைத்திருக்கும் அறக்கட்டளை) யூனிட்டுகளைப் பங்குகளாகவே கருதுவதென்று செபி 2025 செப்டம்பரில் முடிவெடுத்தது; 2026 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதன்பின் ரீட் பற்றிய பேச்செல்லாம் ஒரே அறிவுரையில் வந்து முடிகிறது: இனி ஃபண்டுகளின் பணம் வரும், ரெப்போ வட்டியும் இறங்கிவிட்டது, ஆகவே விலை சறுக்கும்போதெல்லாம் வாங்கிப் போடுங்கள். எப்போது வாங்குவது என்று கேட்டால் அதற்கும் ஒரு சூத்திரம் தயாராக இருக்கிறது. 52 வார உச்சத்திலிருந்து விலை 10, 15 சதவீதம் இறங்கியிருக்கிறதா? கடந்த ஓராண்டில் கொடுத்த பகிர்மானத்தை இன்றைய விலையால் வகுத்தால் வரும் யீல்டு 7 சதவீதத்துக்கு மேல் இருக்கிறதா? விலை என்.ஏ.வி.க்கு (நிகரச் சொத்து மதிப்புக்கு) கீழே நிற்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் யோசிக்காமல் வாங்கலாமாம். இந்தச் சூத்திரம் பார்க்கச் சொல்லும் மூன்று எண்களும் வாங்கப்போகிற பொருளைப் பற்றி ஏறக்குறைய எதையும் சொல்வதில்லை என்பதே என் வாதம்.

சூத்திரத்துக்கு உரிய நியாயத்தை முதலிலேயே கொடுத்துவிடலாம். உச்சத்தில் துரத்திப்போய் வாங்குவதைவிட இறக்கத்தில் வாங்குவது மேல். அதை மறுப்பதற்கு ஒன்றுமில்லை. ரீட் என்பது ஒரு சாதாரண ரியல் எஸ்டேட் நிறுவனப் பங்கும் அல்ல. சொத்தில் 80 சதவீதமாவது கட்டி முடித்து வாடகை வரும் கட்டடமாக இருக்க வேண்டும், பகிரத்தக்க பணத்தில் 90 சதவீதத்தைக் கொடுத்தாக வேண்டும், கடன் சொத்து மதிப்பில் 49 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதிகள் 2014 முதலே இருக்கின்றன. ஆரம்பத்தில் 2 லட்சம் ரூபாய் இல்லாமல் உள்ளே நுழைய முடியாது. இன்று ஒரே ஒரு யூனிட் வாங்கலாம். இந்தக் காப்புகளை நம்பி ஒருவர் இறக்கத்தில் வாங்க நினைப்பது மடமை அல்ல. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது.

ரீட்டை நம்மவர்கள் வங்கி வைப்புநிதியின் கண்ணால் பார்க்கிறார்கள். வைப்புநிதியில் வட்டி ஒப்பந்தத்தால் கட்டப்பட்டது. அரசுக் கடன் பத்திரத்திலும் அப்படியே: கூப்பன் மாறாது, ஆகவே விலை இறங்கினால் யீல்டு ஏறுகிறது, வாங்குகிறவருக்கு உண்மையிலேயே கூடுதலாகக் கிடைக்கிறது. ரீட்டில் தொகுதி, பகுதி இரண்டுமே அசையும். விலை இறங்கியதால் யீல்டு ஏறியது என்று மகிழ்கிறவர், பகிர்மானம் அப்படியே இருக்கும் என்று சத்தமில்லாமல் எடுத்துக்கொள்கிறார். ஆனால் விலை இறங்குவதற்குப் பல நேரம் காரணமே, அடுத்த ஆண்டுகளின் பகிர்மானம் குறையும் என்று சந்தை நினைப்பதுதான். ஆடித் தள்ளுபடியில் அதே சேலை குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. ரீட்டில் விலை குறையும்போது சேலையின் நீளமும் குறைந்திருக்கலாம். அளந்து பார்க்காமல் தள்ளுபடி என்று சொல்ல முடியாது. சூத்திரம் அளக்கச் சொல்வதில்லை.

இந்தியாவின் முதல் ரீட்டான எம்பசியையே எடுத்துக்கொள்ளலாம். 2019 ஏப்ரலில் 300 ரூபாய் வெளியீட்டு விலையில் பட்டியலானது, இங்கே நீண்ட வரலாறு உள்ளதும் அதுதான். 2019-20 நிதியாண்டில் யூனிட்டுக்கு ரூ.24.39 கொடுத்தது. அடுத்த ஆண்டு ரூ.21.48. பிறகு 21.76, 21.71, 21.33. 2024-25இல் ரூ.23.01. இதே காலத்தில் கட்டடங்களிலிருந்து வந்த நிகர இயக்க வருமானம் சுமார் 1,817 கோடியிலிருந்து 3,283 கோடிக்கு உயர்ந்தது. அதாவது 80 சதவீத ஏற்றம். வாடகை பெருகியது, பரப்பு பெருகியது, ஆண்டறிக்கையின் படங்களில் கண்ணாடிக் கட்டடங்கள் பெருகின. யூனிட் வைத்திருந்தவருக்குக் கிடைத்தது மட்டும் ஐந்தாண்டு கழித்தும் தொடக்கத்தில் கிடைத்ததைவிட 6 சதவீதம் குறைவு. மொத்தப் பகிர்மானம் 1,882 கோடியிலிருந்து 2,181 கோடியானது. ஆனால் யூனிட்டுகளின் எண்ணிக்கையும் 77 கோடியிலிருந்து 95 கோடியை ஒட்டி வந்துவிட்டது. 2020 டிசம்பரில் பெங்களூரின் எம்பசி டெக்வில்லேஜை 9,782 கோடிக்கு வாங்கியபோது வெளியிட்ட புது யூனிட்டுகளே இந்தக் கூடுதல். மீதி வருமானத்தைக் கடனும் வட்டியும் எடுத்துக்கொண்டன. சொத்து மதிப்பில் 15 சதவீத அளவில் இருந்த நிகரக் கடன் 30 சதவீதத்தைத் தாண்டியது. பல்லாவரம்-துரைப்பாக்கம் ரேடியல் சாலையில் அதே எம்பசிக்குச் சொந்தமான ஸ்ப்ளெண்டிட் டெக்ஸோனைக் கடந்து போகிற சென்னைவாசி, வண்டிகள் நிறைந்த வளாகத்தைப் பார்த்து "நல்ல சொத்து" என்று சொல்வது சரியாகவே இருக்கலாம். கட்டடம் நன்றாக இருப்பது வேறு, யூனிட் வளர்வது வேறு.

அந்த முதலாண்டின் ரூ.24.39ஐக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்பது பயன் தரும், ஏனென்றால் 2020இல் சூத்திரக்காரர்கள் யீல்டு கணக்கிட்டது அதை வைத்துத்தான். அந்த ஆண்டு பகிர்ந்த 1,882 கோடி, நிகர இயக்க வருமானமான 1,817 கோடியைவிட அதிகம். வட்டி, நிர்வாகச் செலவு எதையும் கழிப்பதற்கு முந்தைய வருமானத்தைவிட அதிகமான தொகை எப்படி யூனிட்தாரர் கைக்குப் போனது? முக்கியக் காரணம், 2019இல் எம்பசி திரட்டிய 3,650 கோடி ரூபாய்க் கடன்பத்திரங்கள் பூச்சியக் கூப்பன் வகையைச் சேர்ந்தவை என்பது. ஆண்டுதோறும் வட்டி கட்ட வேண்டாம். அது சேர்ந்துகொண்டே போய் முதிர்வின்போது அசலோடு தீர்க்கப்படும். ஆகவே ஒவ்வொரு காலாண்டிலும் வட்டிக்குப் போயிருக்க வேண்டிய பணம் பகிர்மானமாகப் போனது. 2021இல் அந்தக் கடனைப் புதுக் கடனால் அடைத்தார்கள், மிகக் குறைந்த வட்டியில். அப்போதைய வட்டிச் சூழலில் அது கெட்டிக்காரத்தனம். இதில் சட்டமீறல் ஏதுமில்லை, எல்லாம் அறிக்கையில் அச்சிட்டுத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 24.39ஐ ஆண்டாண்டுக்கும் வரும் வாடகை என்று எடுத்துக்கொண்டு வகுத்தவர், நாளைய வட்டியை இன்றைய வருமானமாக எண்ணியிருந்தார்.

இப்போது இரண்டு இறக்கங்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். 2020 நடுவில், கொரோனா முடக்கத்துக்கு நடுவே, எம்பசி 345 ரூபாயை ஒட்டி விற்றது. ஆண்டுத் தொடக்கத்து உச்சத்திலிருந்து கணிசமான இறக்கம். கடந்த ஆண்டுப் பகிர்மானத்தை வைத்துப் பார்த்தால் யீல்டு 7 சதவீதம். பத்தாண்டு அரசுக் கடன் பத்திரம் அப்போது 6 சதவீதத்துக்கும் கீழே. ஒரு சதவீதப் புள்ளிக்கு மேல் இடைவெளி. சூத்திரத்தின்படி இதைவிட நல்ல நேரம் கிடையாது. 2023 நடுவில் அதே யூனிட் 300 ரூபாயை ஒட்டி வந்தது. பழைய பகிர்மானத்தின்படி யீல்டு 7.2 சதவீதம், ஆனால் அரசுப் பத்திரமே 7 சதவீதத்துக்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்தது. இடைவெளி ஏறக்குறைய இல்லை. கட்டடங்களில் நிரம்பிய பரப்பு 95 சதவீத அளவிலிருந்து 85, 86 சதவீதத்துக்கு வந்திருந்தது. அரசுப் பத்திரத்தோடு ஒப்பிடும் கெட்டிக்கார சூத்திரக்காரர் 2020இல் "வாங்கு" என்றும் 2023இல் "வேண்டாம்" என்றும் சொல்லியிருப்பார். நடந்ததோ நேர்மாறு. 2020இல் வாங்கியவருக்கு அடுத்த ஆண்டே பகிர்மானம் 12 சதவீதம் வெட்டுப்பட்டது. அவர் வகுத்துப் பார்த்த தொகையை 2024-25 வரை ஒருமுறைகூட அவர் பார்க்கவில்லை. 2023இல் வாங்கியவர் பகிர்மானம் அடிமட்டத்தைத் தொடுகிற நேரத்தில் வந்து, 2025இல் விலை 400ஐத் தாண்டியதையும் பார்த்தார். ஒரே யூனிட், ஏறக்குறைய ஒரே யீல்டு. இரண்டு முறையும் அந்த இடைவெளி எதிர்த்திசையைக் காட்டியது.

இங்கே ஒரு மறுப்பு வரும்: அப்படியானால் 2023இல் இறக்கத்தில் வாங்கியவர் லாபம் பார்த்தது சூத்திரத்தின் வெற்றிதானே? அரசுப் பத்திரத்தோடு ஒப்பிடாமல், வெறும் 7 சதவீதத்தை மட்டும் பார்த்து வாங்கியவர் சரியாகத்தானே வாங்கினார்? சரியாக வாங்கினார், ஆனால் அவருக்கு அது தெரிந்து நடக்கவில்லை. விலை மேலிருந்து இறங்கிய வழியெங்கும், 350இலும் 320இலும், "உச்சத்திலிருந்து இறங்கிவிட்டது, என்.ஏ.வி.க்குக் கீழே இருக்கிறது" என்ற அதே விளக்குதான் எரிந்துகொண்டிருந்தது. வழியெங்கும் எரிகிற விளக்கைக் கடைசிப் படியில் பார்த்தவர் மட்டும் எழுந்து நின்று சாட்சி சொல்கிறார். 2023க்குப் பின் நிலைமை மாறியதற்குக் காரணங்கள் வேறு. சிறப்புப் பொருளாதார மண்டலங்களின் வரிச் சலுகை காலாவதியானதால் அந்த வளாகங்களில் பல தளங்கள் ஆளில்லாமல் கிடந்தன. உள்நாட்டு நிறுவனங்களுக்கு அவற்றை வாடகைக்கு விடவும் முடியவில்லை. 2023 டிசம்பரில் விதியைத் திருத்தி, கட்டடத்தின் ஒரு பகுதியை மட்டும், தளம் தளமாக, மண்டலத்திலிருந்து விடுவிக்க அரசு அனுமதித்தது. வெளிநாட்டு நிறுவனங்களின் திறன் மையங்கள் பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் சென்னையிலும் இடம் எடுக்க வந்தன. 2025 பிப்ரவரி முதல் ரிசர்வ் வங்கி ரெப்போவை 6.5 சதவீதத்திலிருந்து படிப்படியாகக் குறைத்தது. இவற்றில் ஒன்றைக்கூட யீல்டு முன்கூட்டிச் சொல்லவில்லை. காலி தளங்களையும் மண்டல விதியையும் கவனித்துக்கொண்டிருந்தவர் காரணத்தோடு வாங்கினார். மற்றவர் அவர் அருகில் நின்றிருந்தார், அவ்வளவுதான்.

எம்பசி மட்டும் விதிவிலக்கு என்று தள்ளிவிட முடியாது. 2021 பிப்ரவரியில் 275 ரூபாய்க்கு வெளியான புரூக்ஃபீல்ட் இந்தியா ரீட் 2021-22இல் யூனிட்டுக்கு ரூ.22.10 கொடுத்தது, 2022-23இல் 20.20, 2023-24இல் 17.75. கட்டடங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே இருந்த ஆண்டுகள் இவை. 2023இல் மும்பை பவாயின் கட்டடங்களையும் குருகிராம் வளாகத்தையும் வாங்க, நிறுவன முதலீட்டாளர்களுக்குப் புது யூனிட்டுகளை விற்றது. விலை 252 ரூபாயை ஒட்டி, அதாவது பொதுமக்களுக்கு முதலில் விற்ற விலைக்கும் கீழே. விலை இறங்கியிருக்கும் நேரத்தில் நீங்கள் மட்டும் வாங்கவில்லை, ரீட் தன்னையே விற்கிறது என்பதை இறக்கத்தில் வாங்கச் சொல்கிறவர்கள் எண்ணிப் பார்ப்பதேயில்லை. லாபத்தைத் தேக்கி வளரும் கம்பெனிக்கு இந்தத் தலைவலி குறைவு. 90 சதவீதத்தைக் கொடுத்துவிடுகிற ரீட் வளர வேண்டுமானால் கடன் வாங்க வேண்டும் அல்லது யூனிட் விற்க வேண்டும்; மலிவு விலையில் விற்றால் பழைய யூனிட்தாரரின் பங்கு கரையும். இறக்கம் வாங்குபவருக்கு வாய்ப்பு என்றால், ஏற்கெனவே வைத்திருப்பவருக்கு அது செலவு. இறக்கத்தில் வாங்கியவர் மறுநாளே வைத்திருப்பவர் ஆகிவிடுகிறார்.

என்.ஏ.வி. என்ற மூன்றாவது தூணைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஆண்டுக்கு இருமுறை மதிப்பீட்டாளர் வருங்கால வாடகையை அனுமானித்து, ஒரு விகிதத்தால் தள்ளுபடி செய்து எழுதும் எண் அது. கேப் ரேட் (நிகர வாடகையைக் கட்டட மதிப்பால் வகுத்த விகிதம்) 8 சதவீதத்திலிருந்து 8.5 ஆனால், வாடகை ஒரு ரூபாய்கூடக் குறையாமலே கட்டடத்தின் மதிப்பு 6 சதவீதம் இறங்கும். 30 சதவீதம் கடன் இருந்தால் யூனிட்தாரருக்கு அது 8 சதவீதத்துக்கு மேல். சந்தை தினமும் பேசுகிறது, மதிப்பீட்டாளர் அரையாண்டுக்கு ஒருமுறை பேசுகிறார். இரண்டுக்கும் இடையிலான வெளியைத் தள்ளுபடி என்கிறோம். சிங்கப்பூர்ச் சந்தையில் மனுலைஃப் யு.எஸ். ரீட்டை வாங்கியவர்களுக்கு இது தெரியும். 2016இல் 83 அமெரிக்க சென்ட்டுக்கு வெளியான யூனிட், 2022 இறுதியில் 30 சென்ட்டை ஒட்டி வந்தது. புத்தக மதிப்பில் பாதி, பழைய பகிர்மானத்தின்படி 15 சதவீதத்தைத் தொட்ட யீல்டு. சூத்திரத்தின் எல்லா விளக்குகளும் பச்சை. அமெரிக்க அலுவலகக் கட்டடங்களின் மதிப்பைக் குறைத்து எழுதியபோது கடன் விகிதம் 49 சதவீதத்தை நெருங்கியது. 2023 நடுவில் மீண்டும் குறைத்து எழுதியதும் வங்கிகளுடனான கடன் நிபந்தனை மீறப்பட்டது, பகிர்மானம் நின்றது, யூனிட் விலை 10 சென்ட்டுக்கும் கீழே போனது. சந்தை முட்டாள்தனமாகத் தள்ளுபடி கொடுத்ததாக நினைத்தவர்கள், மதிப்பீட்டாளர் தாமதமாகச் சொல்லப்போவதைச் சந்தை முன்னரே சொல்லிவிட்டது என்பதைப் பிறகு கற்றார்கள். இந்திய ரீட்டுகளின் கடன் அந்த எல்லைக்கு வெகு தொலைவில் இருக்கிறது, நம் அலுவலகங்களும் அமெரிக்க அலுவலகங்களைப் போலக் காலியாகவில்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வேறுபாட்டைச் சொல்ல என்.ஏ.வி. தள்ளுபடியைத் தாண்டி, கடனையும் காலியிடத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறது என்பதுதானே விஷயம்.

வாடகை ஒப்பந்தங்களில் மூன்றாண்டுக்கு ஒருமுறை 12 முதல் 15 சதவீத உயர்வு எழுதப்பட்டிருக்கிறதே, பொறுமையாக இருந்தால் பகிர்மானம் தானாக ஏறாதா என்று கேட்கலாம். ஏறும், இடையில் யாரும் எடுத்துக்கொள்ளாவிட்டால். எம்பசியின் கடன் 2025இல் 20,000 கோடி ரூபாயை ஒட்டியிருந்தது. அதன் சராசரி வட்டி ஒரு சதவீதப் புள்ளி மாறினால் ஆண்டுக்கு 200 கோடி. 95 கோடி யூனிட்டுகளுக்குப் பங்கிட்டால் யூனிட்டுக்கு 2 ரூபாய்க்குச் சற்று மேல், ஏறத்தாழ பகிர்மானத்தில் பதினொன்றில் ஒரு பங்கு. வாடகை உயர்வு மூன்றாண்டில் சேர்த்துக் கொடுப்பதில் ஏறக்குறைய பாதியைக் கடன் புதுப்பிப்பு ஒரே மூச்சில் கொடுக்கவும் முடியும், பறிக்கவும் முடியும். ஆக, இறங்கும்போது வாங்கலாமா என்று கேட்பவர் கேட்க வேண்டியது இந்தப் பக்கத்துக் கேள்விகளை: வரும் இரண்டாண்டில் எந்தக் கடன் எந்த வட்டிக்குப் புதுப்பிக்கப்படுகிறது, எவ்வளவு பரப்பின் ஒப்பந்தம் முடிகிறது, அங்கே இப்போதைய வாடகை சந்தைக்கு மேலா கீழா, வாசலில் அடுத்த புது யூனிட் வெளியீடு நிற்கிறதா. பகிர்மானத்துக்குள்ளேயே வட்டி எவ்வளவு, டிவிடெண்ட் எவ்வளவு, கடன் திருப்பம் (கட்டட நிறுவனங்கள் ரீட்டுக்குத் திருப்பிக் கட்டும் கடன்) எவ்வளவு என்ற பிரிவும் முக்கியம். 2023 பட்ஜெட் கைவைத்தது கடன் திருப்பம் என்ற அந்தப் பகுதியில்தான். இன்று அது உங்கள் கொள்முதல் விலையைக் குறைக்கும் தொகையாகக் கணக்கிடப்படுகிறது, அதாவது வருமான வரிச் சட்டமே அதை முழு வருமானமாக ஏற்கவில்லை. யீல்டு கணக்கு மட்டும் ஏற்றுக்கொள்கிறது.

சூத்திரக்காரர்கள் சரியாக இருக்கக்கூடிய இறக்கம் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். கட்டடத்தில் எந்த மாற்றமும் இல்லாமல், பெரிய விற்பனையாளர் ஒருவர் வெளியேற வேண்டியிருப்பதால் வரும் இறக்கம் அது. முதலீட்டு நிறுவனமான பிளாக்ஸ்டோன் எம்பசியிலிருந்து தவணை தவணையாக விற்று 2023 டிசம்பரில் முழுவதுமாக வெளியேறியது. ஒரு நிதியத்தின் ஆயுள் முடிவதற்கும் எம்பசியின் பெங்களூர் மான்யதா வளாகத்தின் வாடகைக்கும் தொடர்பில்லை. அப்படிப்பட்ட விற்பனை விலையை அழுத்தும்போது வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் இறக்கம் விற்பவரின் தேவையால் வந்ததா, யூனிட்டின் வருமானத்தால் வந்ததா என்று பிரித்தறிய முடிந்தவருக்கு 52 வார உச்சம் எதற்கு?

இதையெல்லாம் சாதாரண முதலீட்டாளர் எங்கே தேடிப் படிப்பார், அவருக்கு எளிய வழிகாட்டி வேண்டாமா என்பது சூத்திரத்தின் கடைசி அரண். எளிமை வேண்டும்தான். ஆனால் தவறான எண்ணை எளிதாகச் சொல்வதால் அது சரியான எண் ஆகிவிடாது. சரியான எண்ணும் அப்படியொன்றும் கடினமானதல்ல. பட்டியலான நாள் முதல் ஆண்டுவாரியாக யூனிட்டுக்குக் கொடுத்த பகிர்மானம், யூனிட்டுகளின் எண்ணிக்கை, நிகரக் கடன் ஆகிய மூன்று பத்திகள் கொண்ட அட்டவணை அரைப் பக்கத்தில் அடங்கும். எல்லா எண்களும் ரீட்டுகளின் சொந்த அறிக்கைகளில் இருக்கின்றன. "இறக்கத்தில் வாங்குங்கள்" என்று அடுத்த முறை எழுதுகிறவர்களும், கமிஷனுக்கு விற்கிறவர்களும் உச்சத்திலிருந்து எத்தனை சதவீதம் இறங்கியது என்ற படத்துக்குப் பக்கத்தில் இந்த அட்டவணையையும் அச்சிடட்டும். அச்சிடாத பரிந்துரையை வாசகர் ஏற்க வேண்டியதில்லை.